நாள் குறித்த மேடைகள்

சென்னை சென்ட்ரலில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் கிளம்ப இன்னும் ஒன்றரை மணிநேரம் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே விக்டோரியா பொதுமன்றம் நிற்கிறது. சிவந்த செங்கல், வரிசையாக வளைவுகள், முகப்பில் திருவிதாங்கூர் பாணியில் கூரை கவிந்த சதுரக் கோபுரம். இந்த நிலையத்தில் பல வருடமாக ஏறி இறங்குகிறேன். ஆனாலும் அந்தக் கட்டடத்தை முழு உருவமாகப் பார்த்தது குறைவுதான். மெட்ரோ ரயில் வேலை நடந்த வருடங்களில் தகரத் தடுப்பு மறைத்தது. பிறகு சாரம் மறைத்தது. இப்போது விளக்கு போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். புது மாப்பிள்ளை போலக் கொஞ்சம் கூச்சத்தோடு நிற்கிறது.

நான் போவது சேலத்துக்கு, அங்கிருந்து நாமக்கல்லுக்கு. பழைய கொட்டகைகளும் அரங்குகளும் என்ன ஆயின என்று பார்க்கத்தான் பயணம். அந்தக் கதையின் முதல் பக்கம் ஏறும் நிலையத்தின் வாசலிலேயே இருந்ததால், டீ ஒன்றை வாங்கிக்கொண்டு எதிரே நின்று படித்தேன்.

விக்டோரியா ராணியின் 1887 பொன்விழாவை ஒட்டிப் பெயர் வைத்த மன்றம் இது. வரைந்தவர் ராபர்ட் சிஸ்ஹோம்; கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். நகராட்சி 57 கிரவுண்டு நிலத்தை, கிரவுண்டுக்கு எட்டணா வாடகையில், 1886இல் 99 வருடக் குத்தகைக்கு விட்டது. மாடியில் நாடக அரங்கு, அதில் மரத்தாலான காலரி. 1897 பிப்ரவரியில் அமெரிக்கா போய்த் திரும்பிய விவேகானந்தர் இங்கே பேசினார். அதே காலத்தில்தான் மெட்ராஸ் முதன்முதலாகச் சினிமா பார்த்ததும். ஸ்டீவன்சன் என்ற புகைப்படக் கடைக்காரர் சில துண்டுப் படங்களை இந்த மன்றத்தில் ஓட்டிக் காட்டினார். ஆனால் இந்தக் கட்டடத்துக்கு உயிர் கொடுத்தது, ஒருநாள் வந்து போன பெரிய மனிதர்கள் அல்ல. ஆபீஸ் விட்டதும் வந்து ஒத்திகை பார்த்த வக்கீல்களும் குமாஸ்தாக்களும்தான்.

1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை இங்கேதான் நாடகம் போட்டது. விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணிநேரத்துக்குள் சுருக்கியவர் பம்மல். சொன்ன நேரத்துக்கு மணி அடிக்க வேண்டும், மணி அடித்தால் திரை தூக்க வேண்டும் என்பதில் கறார். கூத்தாடி என்ற சொல் வசவாக இருந்த ஊரில், படித்தவர்களை அரிதாரம் பூசவைத்தார். அவருடைய 'மனோகரா' பின்னால் சினிமாவானது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1936 வாக்கில் சபை வேறு இடம் போய்விட்டது. மன்றத்தின் சுவரில் அப்போது ஒரு விரிசல்கூட விழுந்திருக்காது. ஆனால் சரிவு அன்றைக்குத்தான் தொடங்கியது என்பது என் எண்ணம். வாரத்தில் இன்ன நாள் விளக்கு எரியும் என்ற நிச்சயம் போனபின், மன்றம் வாடகைக்குக் காத்திருக்கும் கூடமாகிவிட்டது. வளாகத்துக்குள்ளேயே ஓட்டல் முளைத்தது, கடைகள் முளைத்தன. 99 வருடக் குத்தகை முடிந்தது. பிறகு பூட்டு.

2023இல் மாநகராட்சி, சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் 32 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிச் சீரமைப்பைத் தொடங்கியது. இந்த மாதிரிக் கட்டடத்தைப் பழுது பார்ப்பது புதிதாகக் கட்டுவதைவிடக் கஷ்டம். சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த செங்கல் சுவர் மூச்சு விடும். மழையில் ஈரத்தைக் குடித்து வெயிலில் வெளியே விடும். அதன்மேல் சிமென்ட்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொண்டு செங்கல்லை மாவாக்கிவிடும். நம் ஊர்ப் பழைய கட்டடங்கள் பாதி செத்தது அக்கறையில்லாமல் அல்ல, இப்படித் தப்பான அக்கறையால்தான். அதனால் சீரமைப்பின் முதல் வேலை இடையில் ஏறிய சிமென்ட்டைச் சுரண்டி எடுப்பது. அடுத்தது சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து அரைப்பது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டு அரைத்த சாந்தை நம் கொத்தனார்கள் இன்னும் மறக்கவில்லை. மெட்ராஸ் டெரஸ் என்ற தளத்துக்குத் தேக்கு உத்தரங்களின்மேல் சின்னச் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாக்கில் அடுக்க வேண்டும். அந்தக் கையும் கண்ணும் உள்ளவர்கள் இன்று ஒரு சிலர்தான்.

மும்பையிலும் இப்படி ஒன்று நடந்தது. நூறு வயதான ராயல் ஓபரா ஹவுஸ் 1993 முதல் மூடிக் கிடந்து, கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பாவின் சீரமைப்புக்குப்பின் 2016இல் திறந்தது. மறுவருடம் யுனெஸ்கோவின் விருதும் வந்தது. ஆக, கட்டடத்தை மீட்கும் வித்தை நமக்கு இப்போது கைவந்திருக்கிறது. மீட்டபின் அங்கே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்ன நடக்கும் என்பதுதான் மிச்சக் கேள்வி. டீ ஆறிவிட்டிருந்தது. வண்டிக்கு நேரமாகிவிட்டது.

*

சேலம் ஜங்ஷனில் இறங்கும்போது இருட்டுப் பிரியவில்லை. நிலையம் இருப்பது சூரமங்கலத்தில். ஊர் இன்னும் தள்ளி. பங்குனிக் கடைசி. பிளாட்பாரத்தில் முதல் மாங்காய்க் கூடைகள் வந்துவிட்டிருந்தன. ஆட்டோக்காரரிடம் "மாடர்ன் தியேட்டர்ஸ் போகணும்" என்றேன்.

"தியேட்டரே இல்லைங்களே, வளைவு மட்டுந்தான் இருக்குது. போட்டோ எடுக்கத்தானே?" என்றார். வெளியூர்க்காரர்களைப் பார்த்துப் பழகிய ஆள்.

ஏற்காடு சாலையில், கன்னங்குறிச்சிப் பக்கம், அந்த வளைவு தனியாக நிற்கிறது. இரண்டு தூண், மேலே பெயர், பின்னால் சேர்வராயன் மலை. மலையின் விளிம்பில் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் படப்பிடிப்புத் தளம் இல்லை, லேப் இல்லை, ஒலிப்பதிவுக் கூடம் இல்லை, வீடுகள் இருக்கின்றன. பால்காரர் ஒருவர் மொபெட்டில் கேன் குலுங்க, எம்.ஜி.ஆரும் டி.ஆர். மகாலிங்கமும் எத்தனையோ முறை போய்வந்த அந்தத் தடத்தில் போனார்.

பெயரிலேயே ஒரு வேடிக்கை. தியேட்டர்ஸ் என்று சொன்னாலும் அங்கே யாரும் டிக்கெட் வாங்கிப் படம் பார்த்ததில்லை. அது ஸ்டுடியோ. நாடகத்தை மேடையிலிருந்து இறக்கி நெகட்டிவில் ஏற்றிய இடம். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கியது. நூல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. முதலில் ஏஞ்சல் பிலிம்ஸில் கூட்டுச் சேர்ந்து படமெடுக்கக் கல்கத்தா வரைக்கும் போக வேண்டியிருந்தது. அந்த அலைச்சலில் வந்த எண்ணம்தான் சேலத்திலேயே எல்லாம் ஒரே வளாகத்துக்குள் வேண்டும் என்பது. 1937இல் 'சதி அகல்யா' முதல் படம். மறுவருடம் 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும் படம். கேரளம் தன் குரலைத் திரையில் முதலில் கேட்டது சேலத்துப் படத்தில். 1940இல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் 'உத்தம புத்திரன்'. 1950இல் 'மந்திரி குமாரி', மு. கருணாநிதி நாடகமாக எழுதி மேடையேறிய கதை அது, எல்லிஸ் டங்கன் தொடங்கியதைச் சுந்தரம் முடித்தார். 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு'ம் 1961இல் இங்கிருந்துதான். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள்.

நூல் ஆலையை நடத்துவதுபோலச் சுந்தரம் ஸ்டுடியோவை நடத்தினார். சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், சொன்ன நாளில் படம் முடிய வேண்டும். நடிகர் முதல் தச்சர் வரை மாதச் சம்பளம். கதை இலாகாவில் கருணாநிதி இருந்தார், கண்ணதாசன் இருந்தார். மணியை மதித்ததில் பம்மலுக்கும் இவருக்கும் வித்தியாசமில்லை. சென்னையில் ஸ்டுடியோக்கள் வரிசையாக எழுந்த காலத்திலும் சேலத்தைத் தாக்குப்பிடிக்க வைத்தது அந்தக் கணக்குத்தான். 1963இல் சுந்தரம் இறந்தார். மகன் ராமசுந்தரம் மேலும் பல வருடம் ஓட்டினார். பிறகு ஸ்டுடியோ முறையே தமிழ் சினிமாவில் கழன்றுபோனது. நிலம் மனைகளானது. வளைவு மட்டும் சாலையோரம் நின்றதால் தப்பித்தது.

அந்த வளைவு நிற்கும் இடம் நெடுஞ்சாலைக்குச் சொந்தமா, தனியாருக்குச் சொந்தமா என்று 2023 கடைசியில் ஒரு சர்ச்சை எழுந்து செய்தியானது. படித்தபோது வழக்கமான நிலத் தகராறு என்று தோன்றியது. கீழே நின்று பார்க்கையில் வேறொன்று உறைத்தது. ஒரு வாசலைக் காப்பாற்றலாம். ஆனால் வாசல் என்றால் அதற்குள் போக ஒரு வேலை இருக்க வேண்டும். இப்போது அது போட்டோவுக்குச் சட்டம். மேலே பெயர், கீழே நாம், நடுவில் மலை. நானும் எடுத்துக்கொண்டேன்.

*

பழைய பஸ் நிலையம் பக்கம் மத்தியானம் வரை சுற்றினேன். சேலத்துக்காரர்களுக்குச் சினிமாவும் தட்டுவடை செட்டும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் காரட்டும் வெங்காயமும் சட்னியும் வைத்து அழுத்தித் தருவார்கள். முதல் ஆட்டத்துக்கு முன்னால் ஒன்று, விட்டபின் ஒன்று. தள்ளுவண்டி அதே இடத்தில் நிற்கிறது. எதிரே இருந்த தியேட்டர் கிடங்காகிவிட்டது. டிக்கெட் கொடுத்த சின்னச் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அடைத்த செங்கல்லின் நிறம் மட்டும் வேறு.

வண்டியருகே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் நான் அந்தச் சன்னலையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார். ஆப்பரேட்டராக முப்பது வருடம் இருந்தவராம். அந்தத் தியேட்டரில் இல்லை, இன்னொன்றில்; அதுவும் இப்போது கல்யாண மண்டபம்.

"ரெண்டு மிஷின் இருக்குமுங்க. ஒண்ணுல ரீல் முடியறப்ப, திரையில வலது பக்க மூலையில ஒரு புள்ளி வந்து போகும். மொதப் புள்ளிக்கு அடுத்த மிஷின ஓட்டோணும். ரெண்டாவது புள்ளிக்கு மாத்தோணும். பாக்கறவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா விசிலடிப்பான், அது நமக்கு அவமானம்."

கார்பன் குச்சிகள் இரண்டின் முனைக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எரியும் வெளிச்சத்தில்தான் படம் ஓடியது. குச்சி தேயத் தேய நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு தியேட்டருக்கு ஒரே பிரிண்ட் என்றால், ஓடி முடிந்த ரீல்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு பையன் பறப்பான். ரயில்வே கேட் மூடிவிட்டால் அடுத்த தியேட்டரில் இடைவேளை நீளும். டிஜிட்டல் வந்ததும் மிஷினும் போயிற்று, சைக்கிளும் போயிற்று. ஆயிரம் பேர் உட்காரும் கூடத்தில் நாற்பது பேருக்கு மின்விசிறி ஓட்டிக் கட்டுப்படியாகுமா? தாலி கட்டும் நாளுக்கு வாடகை வருகிறது. முகூர்த்தமில்லாத மாதத்தில் பூட்டிக் கிடந்தாலும் நஷ்டமில்லை.

"தியேட்டருக்குத் தெனமும் நாலு ஆட்டம், மண்டபத்துக்கு வருசத்துக்கு அம்பது நாள். அந்த அம்பதே போதும்னுட்டாங்க" என்றார். வருத்தத்தோடு சொல்லவில்லை. கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொல்லிவிட்டு இன்னொரு செட்டுக்குச் சொன்னார்.

இந்தச் சமவெளியில் கொட்டகை என்பதே அப்படி ஒன்றும் பழைய சங்கதி இல்லை. 1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ரயில்வே ஊழியர், திருச்சிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் புரொஜெக்டரை வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார். 1914இல் கோயம்புத்தூரில் அவர் கட்டிய வெரைட்டி ஹால்தான் தென்னிந்தியாவின் ஆரம்பகால நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்று. அதற்கப்புறம் டூரிங் டாக்கீஸ்கள் வந்தன. மணலைக் குவித்துத் தரை டிக்கெட், பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் சேர். பொழுது சாய்ந்ததும் ஒலிபெருக்கியில் சாமிப்பாட்டு. அது கேட்டால்தான் சுற்றுப்பட்டு ஊர்களில் அடுப்பை அணைப்பார்கள். தற்காலிக உரிமத்தில் ஓடிய கொட்டகைகள் அவை. நிரந்தரமாக இருக்கப் பிறக்கவேயில்லை. அதனால் அவற்றைச் சீரமைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓலையும் மூங்கிலும் மண்ணுக்குப் போயின. வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹாலும் இப்போது இல்லை; சாலையின் பெயரில் மட்டும் இருக்கிறது.

*

மறுநாள் நாமக்கல் பஸ். சீலநாயக்கன்பட்டி ரவுண்டானா தாண்டியதும் நகரம் கழன்றுவிடுகிறது. மல்லூர், ஆண்டகளூர்கேட், புதுச்சத்திரம். மரவள்ளிக் காடுகள், நீளநீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகள், பாடி கட்டக் காத்திருக்கும் வெறும் லாரிச் சட்டங்கள். உலகுக்கே முட்டை அனுப்புகிற மண். நாமக்கல்லை நெருங்கும்போது வெட்டவெளியில் ஒற்றைப் பாறை, தலையில் கோட்டை மதில். அடிவாரத்தில் குடைவரைக் கோயில். எதிரே கூரையில்லாமல் வானத்தைப் பார்த்து நிற்கும் ஆஞ்சநேயர்.

கூட்டம் எல்லாம் ஆஞ்சநேயரிடம் போக, நான் நாமக்கல் கவிஞர் வீட்டுக்குப் போனேன். வெ. ராமலிங்கம் பிள்ளை 1888இல் மோகனூரில் பிறந்தவர். முதலில் ஓவியர். 1930இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, அந்த நடைக்கு இவர் பாட்டுக் கட்டிக் கொடுத்தார். இவர் எழுதிய 'மலைக்கள்ளன்' நாவலைக் கோவை பட்சிராஜா ஸ்டுடியோ 1954இல் படமாக்கியது. வசனம், சேலத்தில் எழுதிப் பழகிய அதே கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப்படம் அது. ஆக, இந்தச் சின்னத் தெருவும் ஏற்காடு சாலை வளைவும் ஒரே நூலில் கோத்தவைதான்.

கவிஞர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாகியிருக்கிறது. அதில் நூலகம் நடக்கிறது. நான் போனபோது கவிஞரைப் பார்க்க வந்தவன் நான் ஒருத்தன்தான். ஆனால் உள்ளே ஆள் இருந்தார்கள். வேட்டி கட்டிய ஒருவர் தினத்தாளை முதலிலிருந்து கடைசிவரை விடாமல் படித்துக்கொண்டிருந்தார். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருத்தி ஜன்னலோரம் நோட்டில் ஏதோ அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாள். கவிஞரின் படம் அவள் தலைக்குமேல் தொங்கியது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை. நாளைக்கும் வருவாள்.

வளைவின் கீழே நின்றபோது இல்லாத ஒரு நிம்மதி எனக்கு இங்கே வந்தது. நினைவுச் சின்னங்களைப் பார்க்க நாம் ஆயுளில் ஒருமுறை போகிறோம். தினத்தாள் படிக்கத் தினமும் போகிறோம். ஒரு வீட்டின் கதவைத் தினமும் திறக்க வைத்துவிட்டால், கறையான் பாதி தோற்றுவிடும்.

*

திரும்பிச் சேலம் வந்து, ஓமலூர் வழியாக மேற்கே மேச்சேரிப் பக்கம் போனேன். சாயங்கால வெயிலில் செம்பழுப்பு நிற மேச்சேரி ஆடுகள் சாலையைக் கடந்தன. மேட்டூர் அணைக்கு முன்னால் விரியும் இந்த வறண்ட பூமி கூத்தின் பூமி. 'மணல்வீடு' இதழை நடத்தும் எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன் ஏர்வாடி என்ற ஊரிலிருந்து, களரி என்ற அமைப்பை வைத்துக்கொண்டு, இந்தப் பகுதிக் கூத்துக் கலைஞர்களையும் பாவைக் கலைஞர்களையும் பல வருடமாகக் கூட்டிச் சேர்த்துவருகிறார். அவர் தன் அமைப்புக்கு வைத்த பெயரே எனக்கு ஒரு பாடம். களரி என்றால் ஆடுகிற இடம். நாலு கழி நட்ட இடம்தான். ஆட்டம் முடிந்தால் அது வெறும் மண்.

அன்றைக்கு ஒரு ஊரில் மாரியம்மன் நோம்பி. கோயிலுக்கு எதிரே வெட்டவெளியில் நாலு கழி, இரண்டு டியூப்லைட், ஒரு பெஞ்சு, ஒரு மைக். பக்கத்துப் பள்ளிக்கூடத் திண்ணையில் பாயை விரித்து வேசம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கையகலக் கண்ணாடி. அரைத்த நிறத்தை விரலால் தொட்டு, புருவத்துக்கு மேலே ஒரு கோடு, கன்னத்தில் ஒரு வளைவு. அரை மணிநேரத்துக்கு முன்பு என்னிடம் பீடிக்கு நெருப்புக் கேட்ட மனிதர் கீசகனாகிக்கொண்டிருந்தார்.

விராட பருவம் போட்டால் மழை வரும் என்பது நம்பிக்கை. பங்குனி காய்ந்துகொண்டிருந்தது, ஊர் விராட பருவம் கேட்டிருந்தது. பத்து மணிக்கு மேல் மத்தளம் முழங்கியது, முகவீணை ஏறியது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்தார்கள். திரைக்குமேல் கிரீடத்தின் நுனி மட்டும் தெரிய, உள்ளிருந்து பாட்டு. பம்மல் மணியடித்துத் தூக்கிய திரை எங்கே, இங்கே ஆள் கையால் பிடிக்கும் வேட்டித் துணி எங்கே என்று ஒரு கணம் தோன்றியது. மறுகணம் திரை விலகியது. கீசகன் இறங்கி மண்ணில் ஒரு சுற்றுச் சுற்ற, முன்வரிசைப் பிள்ளைகள் அலறிக்கொண்டு அம்மா மடியில் ஒளிந்தன.

ஆட்டம் சீராக ஓடவில்லை; ஓடவும் கூடாது. திரௌபதி சபதம் போடும் நேரத்தில் கோமாளி மைக்கைப் பிடித்து, கோழிக்கடைக்காரர் அன்பளிப்பாக நூறு ரூபாய் தந்ததை அறிவித்தான். திரௌபதி கண்ணைத் துடைத்தபடி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, விட்ட அடியிலிருந்து அழுகையைத் தொடர்ந்தாள். இரண்டு மணிக்குப் பாதிக் கூட்டம் பாயில் தூங்கியது. கீசக வதம் நெருங்கும்போது யாரும் எழுப்பாமலே எழுந்து உட்கார்ந்தது. எந்தக் கட்டத்தில் முழிக்க வேண்டும் என்று அந்த உடம்புகளுக்குத் தெரியும். பாட்டியோடு வந்து படுத்துப் பழகிய உடம்புகள்.

விடிந்தபோது கழியைப் பிடுங்கினார்கள். ஆடிய மண்ணில் காலடித் தடங்கள். ஒரு பெண் வந்து சாணம் தெளித்தாள், தடமும் போயிற்று. முப்பது கோடி வேண்டாம், மூணு மணிநேரச் சீரமைப்புக்கூட வேண்டாம். அடுத்த வருடம் இதே நாள் மேடை தானாக வந்துவிடும்.

இப்படிச் சொல்லும்போதே கூத்துக்காரரின் வீட்டுக் கூரையும் நினைவுக்கு வருகிறது. மேடை தானாக வருகிறது என்று எழுதுவது எனக்குச் சுலபம். ஆடியில் கூத்து நின்றால் தைவரை கல்லுடைக்கவோ தறியோட்டவோ போக வேண்டியவர்களுக்கு, மழைக்காலத்திலும் ஆட ஒரு கூரையுள்ள மேடை இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஊரின் நாள்காட்டி அவர்களுக்கு ஆறு மாதம்தான் சோறு போடுகிறது. மிச்ச ஆறு மாதத்துக்கு நகரத்தில் ஒரு மன்றம் கதவைத் திறந்தால் என்ன?

டீக்கடை பெஞ்சில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் இருந்து ஜமாவை நடத்தியவர். முகத்தில் களைப்பு, பையில் ஒரு நீளமான நோட்டு. நோட்டைத் திறந்து அடுத்த ஊரின் பெயரைச் சரிபார்த்துக்கொண்டார். சித்திரை முழுக்க எழுத்து. வைகாசியில் ஒன்றிரண்டு நாள்தான் காலி. ஊர், கோயில், கதை, முன்பணம் எல்லாம் ஒரே வரியில். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் அந்த வரி ஏறிவிடும். பிறகு மழையே வந்தாலும் அழிக்க முடியாது.

எனக்குச் சென்ட்ரல் வாசலில் நின்ற சிவப்புக் கட்டடம் ஞாபகம் வந்தது. செல்பேசியில் படத்தை எடுத்து அவரிடம் காட்டினேன். நூற்று முப்பது வருடத்துக்கு மேலான மன்றம், மாடியில் நாடக மேடை, பழையபடி சுண்ணாம்பு அரைத்துச் சரி செய்திருக்கிறார்கள் என்று சொன்னேன். கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார், வளைவுகளைப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க. மழைக்கு ஒழுகாதில்ல?"

"ஒழுகாது. நீங்க வந்து அங்க ஆடுவீங்களா?"

"கூப்பிட்டா வராம என்னங்க?" என்றார். வைகாசிப் பக்கத்தைப் புரட்டினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, காலியாக இருந்த ஒரு வரியில் வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அங்க நோம்பி என்னைக்குங்க?"